தலைக்கு மேல் பெருக்கல் குறி

தூங்குகிறார், அவ்வளவுதான், ஆட்டம் முடிந்து வந்த மனுஷன் பகலில் தூங்காமல் வேறென்ன செய்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எமல்டா குழந்தைக்குப் பருப்புச் சோற்றை விரல் நுனியால் மசித்தாள். வாய் சொல்லிக்கொண்டிருந்தபோதே காது மட்டும் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. குறட்டை வந்தது. குறட்டை வந்தால் நல்லது. நல்லதா? அமலதாஸின் குறட்டையை அவளுக்குத் தெரியும், மூக்கில் தொடங்கி வாயில் வந்து உடையும், கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுக்கேட்டுத்தான் தூங்கப் பழகினாள். இன்றைக்கு அது தொண்டைக்குள்ளேயே கிடந்து, தண்ணீர் வராத நேரத்தில் திறந்துவைத்த குழாய் மாதிரி இழுத்தது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். மல்லாந்து படுத்தால் அப்படித்தான். ஷெரின் வாயைத் திறந்து காத்திருந்தது, இரண்டு பல்தான், அதற்குள் கடிக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹவுசிங் போர்டு முழுக்க மசாலா வாசனை, மேல்வீட்டில் அம்மி மாதிரி மிக்ஸி ஓடுகிறது, கீழே முற்றத்தில் மணல் குவியல்மேல் பையன்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் பாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள், "டேய் நான்தான் திருக்கை, நீ செத்துட்ட, கீய படு!" என்று ஒரு குரல், "நீ போன தபா திருக்கை, இந்தத் தபா நானு" என்று இன்னொன்று. அந்தத் திருக்கை இங்கே இரண்டாவது மாடியில் பாயில் கிடக்கிறது. சாம்பல் நிற முகமூடி, முதுகில் வால் தைத்த சட்டை, ஞாயிறுதோறும் டிவியில் வரும் மல்யுத்தத்தில் திருக்கை தாஸ். பொழுது சாய்வதற்குள் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். பெரம்பூர் மண்டபத்தில் இன்றைக்கும் ஏணி ஆட்டம், ஏணிமேல் ஏறி நின்று அடித்துக்கொள்கிற ஆட்டம். அனுப்புவதா, வேண்டாமா? அனுப்பமாட்டேன் என்று சொல்ல அவள் யார்? அவள் பெண்டாட்டி. பெண்டாட்டி சொன்னால் கேட்கிற மனுஷனா? ஒரு வாய் வாங்கிக்கோ கண்ணு, அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே. சத்தம் போட்டால்தான் என்ன, போடு, போட்டு எழுப்பு, எழுந்து உட்கார்ந்து அந்த மனுஷன் உன்னைத் திட்டட்டும், அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாகச் சோறு தின்கிறேன்.

காலையில் மோசஸ் அண்ணன்தான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். மோசஸ் அண்ணன் நடுவர், கோடு போட்ட சட்டைக்காரர், பழைய பாக்ஸிங் ஆள், மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்; எந்த ஆட்டத்துக்குப் போனாலும் வேனிலேயே வருகிறவர்கள் இன்றைக்கு மட்டும் எதற்கு ஆட்டோவில் வந்தார்கள், அதை அவள் கேட்கவில்லை. வாசலில் நின்று அவர் தாஸின் பையை நீட்டினார். "கதைதாம்மா. கொஞ்சம் அசதி. தூங்கட்டும் வுடு," என்றார். சொன்னது அவளிடம், பார்த்தது கதவுமேல் ஒட்டியிருந்த திரு இருதயப் படத்தை. ஏனண்ணே என் முகத்தைப் பார்க்கவில்லை? வெயில் கண்ணில் அடித்திருக்கும். கிழக்குப் பார்த்த வாசல், வெயில் அவர் முதுகில்தான் அடித்தது. தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்று இருப்பதை மறந்துவிட்ட மாதிரி உள்ளே வந்தார், இட்லி தின்றார், தின்றதைக் பாத்ரூம் குழாயடியில் கொட்டினார், "வேன்ல போட்ட பொரோட்டா சரியில்ல எமி" என்றார். வேன் இல்லையே, ஆட்டோதானே. பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே "பாப்பா எங்க?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைக் குனிந்து பார்த்து, "அட" என்றார், ஏதோ யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. அதுகூடப் பரவாயில்லை, தூக்கக் கலக்கம், எனக்கும்தான் பால் கொடுத்த நாட்களில் அடுப்பில் எதை வைத்தேன் என்று மறந்து போயிருக்கிறது. ஆனால் பாயில் சாய்ந்ததும் கேட்டார் பார், அதுதான், அதுதான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. "எமி, நேத்து யாரு ஜெயிச்சது?"

யார் ஜெயிச்சது. ஊரில் எவன் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம், மணல் குவியலில் விழுந்து புரளுகிற பையன் கேட்கலாம், எதிர்வீட்டு லூர்து கிழவர் கேட்கலாம், திருக்கை தாஸ் கேட்கக்கூடாது. யார் ஜெயிப்பது என்பது செவ்வாய்க்கிழமையே முடிவாகிவிடும், கம்பெனி நடத்துகிற நந்தகோபால் சார் ஆபீசில் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்வார், எவன் எப்போது விழுவான், எந்தப் பக்கம் விழுவான், எவன் ரத்தம் காட்டுவான், எல்லாம். அதற்குப் பெயர் கதை. காதலிக்கிற காலத்தில் அவளுக்கு அது தெரியாது. ராயபுரத்துக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டு அழுதபோது அவர்தான் மெரினாவில் வைத்துச் சொன்னார். "லூசு, எல்லாம் கதை. அடிக்கிறவனும் நானும் ஒரே தட்டுல சாப்புடுறவனுங்க. நெசம் ரெண்டே ரெண்டுதான்." நான் கீழே விழுந்து கிடந்தால் மோசஸ் அண்ணன் குனிந்து என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவார், ஜனத்துக்குத் தெரியாது, எண்ணுகிற மாதிரிதான் இருக்கும். நான் திருப்பி அழுத்தினால் எனக்கு ஒன்றுமில்லை, ஆட்டத்தை ஓட்டு என்று அர்த்தம். அழுத்தவில்லை என்றால் அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைப்பார். சொல்லிவிட்டு அவரே எழுந்து மணலில் நின்று வைத்துக் காட்டினார், கணக்கு நோட்டில் போடுகிற பெருக்கல் குறி மாதிரி. "இது மட்டும் பொய் இல்ல எமி. இத வெச்சு எவனும் வெளாட மாட்டான். இத நீ பாத்தா மட்டும் பயப்படு. மத்ததுக்கெல்லாம் சுண்டல் துன்னுகிட்டு கைதட்டு." பின்னால் கடல் இருட்டிக்கொண்டு வந்தது, அவர் கைகள் குறுக்கே நின்றன, அவள் அப்போது நினைத்தாள், பொய்யே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் பொய்யாக்காமல் வைத்திருக்கிறார்களே, இவனை நம்பிப் போகலாம். போனாள். அப்பா அவள் கல்யாணத்துக்கு வரவில்லை.

வாயைத் துடை. போதுமா, போதுமென்றால் தலையை ஆட்டத் தெரியும் இதற்கு, ஆனால் அப்பா கையில் இருந்தும் அப்பாவிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது. அதை ஏன் திரும்ப எடுக்கிறாய்? எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. நெற்றியில் பழைய தழும்புகள் குறுக்கும் நெடுக்கும், இடதுபக்கத் தலை காதுக்குப் பின்னால் சற்றே வீங்கியிருக்கிற மாதிரி இருந்தது, தலையணை மடிப்பாக இருக்கும். எழுப்பலாமா? சற்று முன் எழுப்பினபோது "அஞ்சு நிமிசம்மா" என்று புரண்டாரே. அதற்கு முன் எழுப்பினபோது "வேன் வந்துச்சா" என்றாரே. பேசுகிறவருக்கு என்ன வந்துவிடும்? ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை அவள் காலையில் பாதி சொல்வதற்குள் அவர் கையை எடுத்துக் குழந்தை தலைமேல் வைத்தார், அவள் கையைத்தான், தன் கையை இல்லை. "இது மேல ஆணையா எங்கியும் கூப்புட்டுப் போவாத. ஒரு தபா ஸ்கேனு எடுத்தா ஆட்டம் காலி." அது அவர் வார்த்தை இல்லை, நந்தகோபால் சார் வார்த்தை. ஆவடி ஆட்டத்துக்குப் பிறகு தாஸுக்கு நிற்கும்போதெல்லாம் தரை சரிகிற மாதிரி இருந்தது, வெளிச்சத்தைப் பார்த்தால் வாந்தி, அவள் சாரைப் பார்த்து நேராகக் கேட்டாள், ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே சார். ஆப்பிள் பையோடு இதே வீட்டுக்கு வந்திருந்தார், பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கோபமே இல்லாமல், டியூஷன் மாஸ்டர் மாதிரி விளக்கினார். "ஸ்கேன் எடுத்தா ரிப்போர்ட்னு ஒண்ணு வரும்மா. ரிப்போர்ட்னு வந்துட்டா சானல்காரன் பார்ப்பான். பார்த்தா தாஸை உக்கார வைன்னு சொல்லுவான். தாஸ் உக்காந்தா கதை உக்காந்துரும். கதை உக்காந்தா இருபது பேர் வீட்ல உலை கொதிக்காது. இப்ப ஸ்கேன் எடுக்கல, அவனுக்கு ஒண்ணும் இல்ல. சரியா?" அவளுக்குச் சரி என்று பட்டது, அதுதான் கொடுமை. அவர் போனபிறகும் கொஞ்ச நேரத்துக்குச் சரி என்றே பட்டது. எக்ஸ்ரே எடுக்காத பல் வலிக்காது என்கிற மாதிரி. ஷெரின் அந்த ஆப்பிளில் ஒன்றை உருட்டி விளையாடியது.

இல்லை, அந்த ஆப்பிள் இல்லை, ஷெரின் அப்போது உருட்டுகிற வயசில்லை, கழுத்தே நிற்கவில்லை. ஆப்பிள் வந்தது இரண்டு தடவை. இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்க வந்தார். பார்க்கிற ஜனம் குறைந்துகொண்டே போகிறது, ஏணியை உயரமாக்கினார்கள், மேஜையை உடைத்தார்கள், ஆணி வைத்த பலகை கொண்டுவந்தார்கள், ஜனம் எல்லாவற்றுக்கும் கொட்டாவி விட்டது, ஏனென்றால் எல்லாம் கதை என்று இப்போது குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் செவ்வாய்க்கிழமை டீயோடு நந்தகோபால் சார் சொன்னாராம், ஜனம் இன்னும் நம்புகிறது ஒன்றே ஒன்றைத்தான், மோசஸ் கையை. அதையும் கதையில சேருங்க. மோசஸ் அண்ணன் முதலில் முடியாது என்று எழுந்து வெளியே போனாராம், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாராம், தாஸ்தான் சொன்னார், "அவரு இன்னா பண்ணுவாரு, பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிகீறாரு." அந்த ஞாயிறு இவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவியில் நேரடி ஆட்டம் பார்த்தாள். தாஸ் மூலைக் கம்பத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். மோசஸ் அண்ணன் குனிந்தார், எழுந்தார், இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் குறுக்கே நின்றது. மெரினா மணலில் பார்த்த அதே குறி. அவள் மாடிப்படியை எப்படி இறங்கினாள் என்று இன்றைக்கும் தெரியாது, வெறுங்கால், நைட்டி, இடுப்பில் பிள்ளை, ஆட்டோக்காரன் எவனோ ஏற்றிக்கொண்டான், பெரம்பூர் மண்டப வாசலில் கேட்டைப் பிடித்து உலுக்கி அவள் கத்தின கத்து, அதைக் கம்பெனிப் பையன் ஒருத்தன் வீடியோ எடுத்தான். உள்ளே தாஸ் சோடா குடித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, ஒன்கிட்ட சொல்ல மறந்துட்டேன் கண்ணு." மறந்துட்டேன். அப்போதே மறந்திருக்கிறார், பார். அவள் அழுததை அடுத்த வாரம் போட்டார்கள், அடியில் பாட்டு ஓட விட்டு. அதற்குத்தான் இரண்டாவது ஆப்பிள் பை. "நல்லதுக்குத்தாம்மா, நீ அழுததுக்கு வந்த கூட்டம் இவன் விழுந்ததுக்கு வரல," என்று சார் சிரித்தார். தண்ணீர் லாரிக்கிட்டே குடத்தோடு நின்றால் இப்போதும் ராக்கம்மா கேட்கிறாள், "இன்னாக்கா, டிவில சோக்கா அய்தியே, எத்தினி நாளு ரிகர்சலு?" வரிசையே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். சிரிக்காமல் என்ன செய்ய?

அதனால்தான் நேற்று அவள் ஓடவில்லை. அதனால்தான், வேறெதனாலும் இல்லை. நேற்று திருவள்ளூர் மைதானம், மொபைலில் நேரடியாகக் காட்டினார்கள், அவள் கட்டில்மேல் மொபைலைச் சாய்த்துவைத்துக் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏணி சாய்ந்தது. அது சாய வேண்டிய பக்கம் சாய்ந்ததா என்று அவளுக்குத் தெரியாது. தாஸ் கயிற்றைத் தாண்டி வெளியே போய் விழுந்தார், மெத்தை இல்லாத பக்கம், கேமரா அங்கே போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மோசஸ் அண்ணன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து இறங்கினார், குனிந்தார், கையைப் பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார், எழுந்து நின்று கைகளைத் தூக்கிக் குறுக்கே வைத்தார். கூட்டம் விசில் அடித்தது. எமல்டா ஒரு ஜட்டியை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கைகள் குறுக்கே நின்றபடியே இருக்கின்றன, கேமரா அதை விட்டு நகரவில்லை, அவள் இன்னொரு சட்டையின் பொத்தானைப் போட்டாள், பொத்தான் போட்டு மடித்தால்தான் சுருங்காது என்று பள்ளிக்கூடத்து சிஸ்டர் கொன்சாகா சொல்லித்தந்தது. நடிப்பு நல்லா வருது மோசஸ் அண்ணனுக்கு என்றுகூட நினைத்தாள். நினைத்தாளா? நினைத்தாள். அண்ணனின் கை நடுங்கினது மாதிரி இருந்தது, அது மொபைல் சிக்னல். பிறகு தாஸே எழுந்து நின்றார், இரண்டு பேர் தோளில், கையை ஆட்டினார், பார், கதை, சொன்னேனே. விழுந்தவர் எழுந்தால் ஒன்றுமில்லை. பூபதிகூட எழுந்துதான் நின்றார். ஐயோ, பூபதியை ஏன் கூப்பிடுகிறாய் இந்த நேரத்தில்? இரும்பு பூபதி, தாஸுக்கு முன்னால் கம்பெனிக்கு அவர்தான் பெரிய ஆள். சேலத்தில் விழுந்தார், எழுந்தார், கையை ஆட்டினார், வேனில் ஏறிக் கடைசி சீட்டில் தூங்கினார். வேனில் தூங்குகிறவனைச் சும்மா விடமாட்டார்கள் இவர்கள், அது ஒரு வழக்கம், மீசை வரைவார்கள், செருப்பை மாலையாகப் போடுவார்கள். பூபதி வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்து, விழாமல் இருக்கிறதா பார் என்று ஒவ்வொருத்தனாக அடுக்கிக்கொண்டே போனார்கள், போட்டோ எடுத்தார்கள், தாஸும் ஒரு பிஸ்கட் வைத்தார். விழவேயில்லை. விழுப்புரம் தாண்டித்தான் மோசஸ் அண்ணன் தொட்டுப் பார்த்தார். அந்தப் போட்டோ தாஸ் மொபைலில் இன்னும் இருக்கிறது, அழிக்கமாட்டேன் என்கிறார், பார்க்கவும் மாட்டேன் என்கிறார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பூபதி சம்சாரம் அழவில்லை, வந்தவர்களை எல்லாம் ஒவ்வொருத்தராகப் பார்த்து, "தூங்குறார்னுதான நெனச்சீங்க? தூங்குறார்னுதான?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தூங்குகிறார், அவ்வளவுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் துணியை விலக்கினாள், வெயில் நேராக முகத்தில் விழுந்தது, அவர் முகம் சுளிக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஜூனியர் ரெட் கிராஸ் முதலுதவி வகுப்பில் சிஸ்டர் கொன்சாகா, வெள்ளை அங்கிக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, தலையில் அடிபட்டவருக்கு முதலில் என்ன பார்ப்பீர்கள், எமல்டா, நீ சொல். கண்ணைப் பார்ப்போம் சிஸ்டர். கண்ணில் என்ன? கருமணி சிஸ்டர், இரண்டும் ஒரே அளவா என்று. அன்றைக்குக் காயக்காரியாக நடித்தவள் கூடப் படித்த மெர்லின், தலையில் பாண்டேஜ் சுற்றிக்கொண்டு மேஜைமேல் படுத்து சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினாள், கண்ணைத் திறந்து பார்த்தால் கண் முழுக்கச் சிரிப்பு. எமல்டா கட்டைவிரலால் கணவனின் இமையைத் தூக்கினாள். வலது. பிறகு இடது. பிறகு மறுபடி வலது. ஜன்னல் பக்கக் கண் வெளிச்சத்துக்குச் சுருங்கியிருக்கும், மற்றது நிழல், அதனால் வித்தியாசம். அதனால்தான். ஜன்னல் பக்கம் இருந்ததுதான் பெரிசாக இருந்தது. தலையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள், கழுத்து இவ்வளவு லேசாகத் திரும்புமா இந்த மனுஷனுக்கு? இடதுதான். எப்படி வைத்தாலும் இடதுதான். "என்னங்க," என்றாள். "என்னங்க, வேன் வந்துருச்சு." பொய், வரவில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு இவர் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்துவிடுவார். எழவில்லை. ஷெரின் குனிந்து அப்பா மூக்கைப் பிடித்தது. "ஏங்க, யாரு ஜெயிச்சதுன்னு கேட்டீங்களே, சொல்லவா?" தொண்டைக் குழாய் இழுத்தது, நின்றது, நின்றேயிருந்தது, பிறகு இழுத்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து அவர் வலதுகையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து, மோசஸ் அண்ணன் செய்கிற மாதிரி, ஒரு அழுத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னொன்று அழுத்தினாள். அந்தப் பெரிய கை, வலையிழுத்த வம்சத்துக் கை, மெதுவாக மூடி அவள் விரல்களைத் திருப்பி அழுத்தியது. அவளுக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக மூக்கில் ஏறியது. ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை, ஆட்டத்தை ஓட்டு என்கிறார். மெரினாவில் சொன்ன இரண்டு நெசத்தில் ஒன்றை அவர்கள் கெடுத்துவிட்டார்கள், இந்த ஒன்று மிச்சமிருக்கிறது, இதை எவன் டீ குடித்துக்கொண்டும் மாற்றமுடியாது, இது தோலுக்கும் தோலுக்கும் நடுவில் இருப்பது. சரி, தூங்குங்கள், வேன் வந்தால் ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்கிறேன், கஞ்சி வைக்கிறேன், கறிக்குழம்பு வேண்டாம், வயிறு சரியில்லை, பொரோட்டா. கையை உருவிக்கொண்டாள். எழுந்து குழந்தையை எடுக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். பாய்மேல் கிடந்த கை திறந்தது. மூடியது. யாரும் பிடிக்காத கை, காற்றை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. மூச்சு நின்ற இடைவெளியிலும் அழுத்தியது. முகத்தில் ஒன்றும் இல்லை, இமை அசையவில்லை, கை மட்டும் தன்பாட்டுக்கு எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நேற்று மோசஸ் அண்ணன் பிடித்துக்கொண்டே இருந்தாரே, விடாமல், அவர் கைக்குள்ளும் இது இப்படித்தான் அழுத்தியிருக்கும், அழுத்தியும் அவர் நம்பாமல் எழுந்து கையைத் தூக்கியிருக்கிறார். கதை இல்லை. கதையில் அப்படி இல்லவே இல்லை. ஷெரின் தவழ்ந்து போய்த் தன் விரலை அந்தக் கைக்குள் வைத்தது, கை மூடிக்கொண்டது, குழந்தை சிரித்தது, பிறகு இழுத்துப் பார்த்தது, விரல் வரவில்லை, அழுதது. எமல்டா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிள்ளையை எடுத்தாள்.

நூற்றியெட்டுக்குப் போட்டாள். ஆணையை நினைத்தாள், அந்தத் தலை இப்போது அவள் தோளில் விசும்பிக்கொண்டிருந்தது, நினைத்துக்கொண்டே போட்டாள். "கீழே விழுந்தாரா? எங்கருந்துங்கம்மா?" "ஏணியிலேர்ந்து." "வீட்லயா?" "இல்ல. நேத்து. ஆட்டத்துல." போனை எடுத்த பெண் ஏதோ கேட்பதற்குள், "நான் நடிக்கலங்க," என்றாள் எமல்டா, ஏன் சொன்னோம் என்று தெரியாமல், "சத்தியமா நடிக்கலங்க, ஒரு கண்ணு பெரிசா இருக்கு, கூப்பிட்டா எழல." அந்தப் பெண் சிரிக்கவில்லை. நிதானமாக விலாசம் கேட்டாள், எந்த மாடி என்று கேட்டாள், இறக்குவதற்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாள். தலையை அசைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வண்டி கிளம்பிவிட்டது என்றாள். அந்த உடம்பை ஒருத்தி எப்படிப் புரட்டுவது? ஆள் இருக்கிறார்களா? கதவைத் திறந்து கத்தினாள், "லூர்து தாத்தா! யாராச்சும் வாங்களேன்!" மேல்மாடிக் கைப்பிடியில் ராக்கம்மா தலை தெரிந்தது. "அக்கா, இன்னிக்கும் ஷூட்டிங்கா? மூஞ்சி கழுவிக்கினு வரட்டா?" அழுகை வந்தால் இவர்கள் சிரிப்பார்கள், டிவியில் பார்த்த அதே அழுகை, அவளிடம் வேறு அழுகை இல்லை. அப்போது கீழே ஹாரன் கேட்டது.

பால்கனிக்கு ஓடினாள். முற்றத்தில் வேன், வேனைச் சுற்றிப் பையன்கள், முன் சீட்டில் நந்தகோபால் சார், பின்கதவைத் திறந்து இறங்கி நிற்கிறவர் மோசஸ் அண்ணன். மேலே பார்க்கவில்லை, தரையைப் பார்த்து நிற்கிறார். கூப்பிட்டால் என்ன சொல்வது? வாங்கண்ணே என்றால் தாஸைக் கூட்டிப்போக வருவார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், தோளில் தூக்குவார்கள், முகமூடியை மாட்டிவிட்டால் கண் எது பெரிசு எது சிறிசு என்று எவனுக்குத் தெரியும், கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், அது அழுத்தும். குழந்தையைக் கீழே விட்டாள், அது அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எமல்டா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள், குறுக்கே வைத்தாள். முதலில் பார்த்தது பையன்கள்தான். "டேய் மேல பார்ரா! திருக்கை சம்சாரம்டா!" என்று ஒருத்தன் கத்த, மணல் குவியலே கைதட்டியது, விசில் பறந்தது, "திருக்கை! திருக்கை!" என்று தாளம் போட்டார்கள். நந்தகோபால் சார் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது, மொபைலை எடுத்து நீட்டினார். "சூப்பர்மா! யார் சொல்லிக்குடுத்தா உனக்கு? அப்படியே நில்லு, நல்ல வெளிச்சம்!" மோசஸ் அண்ணன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். காலையில் அவள் முகத்தைப் பார்க்காத கண்கள் இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தன. சார் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் சாரைப் பார்த்தார், திறந்த வேன் கதவைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். பிறகு அந்த வயசான மனுஷன் பையன்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினார், ஒரு செருப்பு வேன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. படியில் அவர் ஒற்றைச் செருப்புச் சத்தம் ஏறிவந்தது. சைரன் இன்னும் கேட்கவில்லை. உள்ளே தொண்டை இழுத்தது, நின்றது. கைதட்டல் நிற்கவில்லை, மொபைல் நீட்டியபடி இருந்தது, அவளுக்குத் தோள்பட்டை கடுத்தது. இறக்கினால் கதையாகிவிடும் என்று நினைத்தாள். இறக்கவில்லை.